விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் இருக்கும் வீட்டிற்கு எந்த நாஸ் பெட்டி வாங்கலாம்?

அவிநாசியிலிருந்து கேட்டிருக்கும் நண்பரின் வீட்டில் கணக்கு வழக்குப் பார்க்கும் விண்டோஸ் கணினி ஒன்று, மகளின் மேக்புக் ஒன்று, கோவையில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கும் மகனின் உபுண்டு மடிக்கணினி ஒன்று, இவை போக ஆண்ட்ராய்டும் ஐபோனுமாகச் சில கைபேசிகள் இருக்கின்றன. எல்லோருடைய கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், எதிலிருந்தும் திறக்கவும் எழுதவும் முடிய வேண்டும் என்பது அவருடைய தேவை. ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் 2 டெராபைட் யுஎஸ்பி டிஸ்கை மேக்கில் செருகினால் படிக்க மட்டுமே முடிகிறது, எழுத முடியவில்லை. ஆகவே புதிதாக வாங்கும் நாஸ் பெட்டியை (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சேமிப்புப் பெட்டியை) எந்த ஃபார்மட்டில், அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் எந்த முறையில், போட்டால் மூன்றுக்கும் பொருந்தும் என்று கேட்கிறார். கடைக்காரர் "எக்ஸ்ஃபேட்ல போட்டுக்குங்க, எல்லாத்துக்கும் ஒத்துக்குமுங்க" என்று சொன்னாராம். கேள்வி ஃபார்மட்டைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அவருக்குத் தெரிய வேண்டியது, கலவையான கணினிகள் உள்ள வீட்டில் எது சிக்கல் தரும், எது தராது என்பதுதான். திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளுக்கும் வீடுகளுக்கும் நெட்வொர்க் அமைத்துப் பராமரிப்பது என் தொழில் என்பதால், அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி டிஸ்கைக் கணினியில் செருகும்போது, அந்தக் கணினியின் இயங்குதளமே டிஸ்கின் ஃபார்மட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பழைய டிஸ்க் விண்டோஸுக்கான என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கிறது. மேக் அதைப் படிக்கும், தனி மென்பொருள் போடாமல் எழுதாது. நாஸ் என்பது வெறும் டிஸ்க் அன்று, தனக்கென்று ஓர் இயங்குதளம் உள்ள சிறிய கணினி. பெரும்பாலும் அது லினக்ஸ். உள்ளே இருக்கும் டிஸ்கைத் தொடுவது அந்தப் பெட்டி மட்டுமே. மளிகைக் கடையில் பருப்பு எந்த டின்னில் இருக்கிறது என்று வாங்க வருபவர் அறிய வேண்டியதில்லை அல்லவா? அதுபோல உங்கள் மேக்கும் விண்டோஸும் பெட்டியிடம் கோப்பைக் கேட்கும், பெட்டி எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது லினக்ஸ் ஃபார்மட்களான எக்ஸ்ட் 4 ஆக இருந்தாலும் பிட்ராஎஃப்எஸ் ஆக இருந்தாலும் வெளியே தெரியாது. எக்ஸ்ஃபேட் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. கடைக்காரர் சொன்னது யுஎஸ்பி டிஸ்கிற்குச் சரியான அறிவுரை, நாஸ் பெட்டிக்குப் பொருந்தாது.

கணினியும் பெட்டியும் பேசிக்கொள்ளும் நெறிமுறைதான் இங்கே முக்கியம். அதன் பெயர் எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்து, மைக்ரோசாஃப்டின் கையில் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில், அந்த நெறிமுறை கம்பியில் எப்படிப் பேசுகிறது என்று கவனித்துக் கவனித்து எழுதிய சாம்பா என்ற மென்பொருளால்தான் லினக்ஸ் கணினிகளும் அதைப் பேசத் தொடங்கின. இன்று வீட்டு நாஸ் பெட்டிகளில் மிகப் பலவற்றின் உள்ளே ஓடுவது சாம்பாவே. ஆப்பிள் தனக்கென்று ஏஎஃப்பி என்ற நெறிமுறையை வைத்திருந்தது. ஆனால் 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பு முதல் ஆப்பிளும் எஸ்எம்பியையே முதன்மையாக ஏற்றுக்கொண்டது. ஐபோனில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், ஃபைல்ஸ் செயலியிலேயே எஸ்எம்பி முகவரியைக் கொடுத்து நுழையலாம். உபுண்டுவின் கோப்பு மேலாளருக்கும் இது தெரியும். ஆண்ட்ராய்டில் மட்டும் தனிச் செயலி ஒன்று வேண்டும். படம் பார்ப்பதற்கு விஎல்சி போதும். ஆகவே இன்று புதிதாக விற்கப்படும், பெயர் தெரிந்த எந்த நிறுவனத்தின் பெட்டியை வாங்கினாலும் மூன்று இயங்குதளங்களிலும் அது வேலை செய்யும். விளம்பரத்தில் "மேக்கிற்கும் ஏற்றது" என்று அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இதற்கு விதிவிலக்கு பழைய சாதனங்கள். எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுவதும் பரவியது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்தே விண்டோஸ் அந்த முதல் பதிப்பை இயல்பாக நிறுவுவதில்லை. அந்தப் பதிப்பை மட்டும் பேசுகிற பெட்டியைப் பழைய பொருளாகச் சல்லிசான விலைக்கு வாங்கினால், அதற்காக விண்டோஸில் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டி வரும். காப்புப்படி எடுக்க ஆப்பிள் விற்ற டைம் கேப்சூல் என்ற வைஃபை பெட்டியும் இந்த வகைதான். அதன் விற்பனை 2018லேயே நின்றுவிட்டது. இணைய இணைப்போடு கொடுக்கப்படும் ரவுட்டரின் பின்புறம் உள்ள யுஎஸ்பி துளையில் டிஸ்கைச் செருகிப் பகிரலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த ரவுட்டர்கள் பலவற்றில் இருப்பதும் அந்தப் பழைய பதிப்புதான். வேகமும் மிகக் குறைவு.

பெட்டி வந்த முதல் நாளில் என்னை அழைப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் சொல்லும் குறை, "மேக்கில் திறக்கிறது, விண்டோஸில் திறக்கவில்லை" என்பதுதான். இது பெட்டியின் பிழையன்று. கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழைவதை விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பின் புரோ வகை இயல்பாகவே தடுக்கிறது. "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். வீட்டுக் கணினியில் ஏது நிறுவனம் என்று திகைத்துப்போய் நிற்பார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பெட்டியில் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். விண்டோஸ் கேட்கும் இடத்தில் கொடுக்க வேண்டியது பெட்டியின் கடவுச்சொல். கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண் அன்று. பலர் அந்தப் பின்னைத் திரும்பத் திரும்ப அடித்துவிட்டுப் பெட்டி பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இன்னொன்று, விண்டோஸ் ஒரே நேரத்தில் ஒரே பெட்டிக்கு இரண்டு வேறு பயனர்பெயர்களில் இணையவிடாது. அப்பாவின் பெயரில் ஒரு கோப்புறை திறந்திருக்கும்போது மகளின் பெயரில் இன்னொன்றைத் திறக்க முயன்றால் மறுத்துவிடும்.

கலவையான இயங்குதளங்களில் உண்மையாகவே பொருந்தாமல் போவது கோப்புகளின் பெயர்தான். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள், தமிழில் பெயர் வைப்பவர்களுக்கோ இது இன்னும் முக்கியம். விண்டோஸ் தன் கோப்புப் பெயர்களில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் குறி போன்ற சிலவற்றை ஏற்காது. லினக்ஸ் ஏற்கும். மகன் உபுண்டுவிலிருந்து நேரத்தைக் குறித்து முக்காற்புள்ளியோடு ஒரு கோப்பை வைத்தால், விண்டோஸில் அது அலைக்குறியோடு கூடிய புரியாத குறும்பெயராகத் தெரியலாம். கோப்பு கெட்டுப்போகவில்லை, பெயர்தான் மறைந்திருக்கிறது. மகன் பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

பெயரின் நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸில் ஒரு கோப்புப் பெயர் 255 குறிகள் வரை இருக்கலாம். நாஸ் பெட்டியின் லினக்ஸ் கோப்பு முறைமைகளில், அதாவது ஃபார்மட்களில், வரம்பு 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலப் பெயர்களில் இரண்டும் ஒன்றே. தமிழிலோ ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். உயிர்மெய்யின் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனிக் குறி. "பாட்டி" என்று மூன்றெழுத்துப் பெயர் வைத்தால் உள்ளே 6 குறிகள், அதாவது 18 பைட் ஆகிவிடுகிறது. ஆக, தமிழ்ப் பெயருக்குப் பெட்டியில் கிடைப்பது 85 குறிகள், கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக ஏறத்தாழ ஐம்பது. காதுகுத்து, சீர், கல்யாணம் என்று ஊர், தேதி, மண்டபப் பெயரெல்லாம் சேர்த்து விண்டோஸில் நீளமாக எழுதி வைத்த பெயர்கள் இந்த வரம்பைத் தாண்டும். பெட்டிக்குப் படியெடுக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் நின்றுவிடும், பிழைச்செய்தியும் காரணத்தைத் தெளிவாகச் சொல்லாது. சினாலஜி என்ற நிறுவனத்தின் பெட்டிகளில் கோப்புறையை மட்டும் மறையாக்கம் செய்யும் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும்) வசதியைப் பயன்படுத்தினால் வரம்பு 143 பைட்டாகக் குறைகிறது, தமிழில் 47 குறிகள்தான். மறையாக்கம் வேண்டுமென்றால், சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.2 பதிப்பு முதல் சில மாடல்களில் வந்திருக்கும், முழு வால்யூமையும் (சேமிப்பிடம் முழுவதையும்) மறையாக்கும் வசதியே தமிழ்ப் பெயர்களுக்கு நல்லது.

மூன்றாவது சிக்கல் அரிதாக வருவது. வந்தால் ஆளைக் குழப்பிவிடும். ஒகர, ஓகார உயிர்மெய்களை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் வைக்கலாம். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸில் தட்டச்சு செய்யும்போது பெரும்பாலும் சேர்ந்த குறியே வரும். எஸ்எம்பி வழியாகப் படியெடுத்தால் வழக்கமாக இது தானே சரியாகிவிடும். பழைய மேக் டிஸ்கிலிருந்து ஆர்சிங்க் போன்ற கருவியால் நேரடியாகப் பெட்டிக்கு மாற்றினால், "கோவை" என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஒன்றில் தேடினால் இன்னொன்றில் இருப்பது கிடைக்காது. மகளின் பழைய டிஸ்கைக் காலி செய்யப் போகிறீர்கள் என்றால், அதை மேக்கிலேயே செருகி, அதன் கோப்பு மேலாளரான ஃபைண்டர் வழியாக இழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மேக்கின் டைம் மெஷின் காப்புப்படியையும் இந்தப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கென்று தனிக் கோப்புறையும் தனி அளவு வரம்பும் வையுங்கள். வரம்பு வைக்காவிட்டால் இடம் உள்ளவரை அது நிரப்பிக்கொண்டே போகும்; ஒரு நாள் கைபேசிப் படங்களுக்கு இடமில்லை என்று செய்தி வரும். வைஃபை வழியாக எடுக்கப்படும் டைம் மெஷின் படி, நடுவில் இணைப்பு அறுந்து கெட்டுப்போய், முதலிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும் என்று கேட்பதும் உண்டு. ஆகவே அதை ஒன்றே காப்பு என்று நம்ப வேண்டாம்.

இனிச் சொல்வது என் கருத்து. மற்றவர்கள் வேறாகச் சொல்லலாம். உங்கள் தேவைக்கு இரண்டு டிஸ்க் இடும் பெட்டி போதும். சினாலஜியில் பார்ப்பதானால் டிஎஸ்223ஜே என்ற மலிவான மாடலைவிட டிஎஸ்223 நல்ல தேர்வு. காரணம் வேகமன்று. ஜே மாடலில் எக்ஸ்ட் 4 மட்டுமே உண்டு; டிஎஸ்223இல் பிட்ராஎஃப்எஸ் கிடைக்கிறது, அதனால் ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகளின் அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுக்கலாம். யாரோ ஒரு கோப்புறையைத் தவறி அழித்துவிட்டாலோ, விண்டோஸில் புகுந்த தீநிரல் கோப்புகளைப் பூட்டிவிட்டாலோ, நேற்றைய நிலைக்குத் திரும்ப அது உதவும். டிஎஸ்224 பிளஸ் போன்ற இன்டெல் செயலி உள்ளவை, பெட்டியிலேயே வேறு மென்பொருள்களையும் ஓட்ட நினைப்பவர்களுக்கு. கியூநாப், அசஸ்டோர் பெட்டிகள் அதே விலைக்கு வலுவான வன்பொருளைத் தருகின்றன; மென்பொருளின் எளிமையில் நான் சினாலஜியை முன்னே வைக்கிறேன். ஆனால் அந்த நிறுவனம் 2025இல் தன் புதிய பிளஸ் மாடல்களில் பிற நிறுவன டிஸ்குகளுக்குக் கட்டுப்பாடு விதித்து, எதிர்ப்பு எழுந்தபின் அதே ஆண்டில் வந்த டிஎஸ்எம் 7.3இல் தளர்த்தியதையும் நினைவில் வைத்து, வாங்கும் மாடலுக்கு எந்த டிஸ்க் பொருந்தும் என்ற பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகனுக்கு ஆர்வம் இருந்தால், வீட்டில் தூங்கும் பழைய கணினியில் ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளை நிறுவி நாஸாக மாற்றலாம். செலவு குறையும், பையனும் நிறையக் கற்றுக்கொள்வான். அவன் விடுதியில் இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையன்று அது நின்றுபோனால் வீட்டில் யார் பார்ப்பது என்பதை மட்டும் முன்பே யோசியுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: அது சிஎம்ஆர் வகையா, எஸ்எம்ஆர் வகையா? வாங்க வேண்டியது சிஎம்ஆர். எஸ்எம்ஆரில் தரவு எழுதப்படும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒரு டிஸ்க் போய் இன்னொன்றிலிருந்து மீட்டுக் கட்டும்போது மிக மெதுவாகும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்குகள் எஸ்எம்ஆர் என்று 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. பின்னர் சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்று பெயரிட்டது. சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர். ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு கோவை காந்திபுரம் பக்கத்துக் கடைகளிலும் இணையத்திலும் விலை கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் உத்தரவாதம் உண்டா என்பதை வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் கிடைப்பது 8 அன்று, 4; அதுவும் விண்டோஸில் 3.6 என்றுதான் காட்டும். இரண்டிலும் ஒன்றே எழுதப்படுவதுதான் ரெய்டு 1 என்பது.

அந்த ரெய்டு காப்புப்படி அன்று. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் ஓட அது உதவும். அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். எந்த டிஸ்க் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். இப்போது மேக்கில் எழுத முடியாமல் கிடக்கும் உங்கள் 2 டெராபைட் டிஸ்கிற்கு இங்கேதான் வேலை இருக்கிறது. அதில் உள்ளதைப் பெட்டிக்கு மாற்றிச் சரிபார்த்த பிறகு, அதையே பெட்டியின் யுஎஸ்பி துளையில் செருகி, வாரம் ஒருமுறை முக்கியமான கோப்புறைகள் மட்டும் தானே படியாகும்படி அமைத்து, படியானதும் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுங்கள்.

கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் கியூநாப் பெட்டிகளைத் தாக்கியது. அடுத்த மாதமே அசஸ்டோர் பெட்டிகளையும் தாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் பெட்டிகள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவை இணையத்திற்கு நேரடியாகத் திறந்துவைக்கப்பட்டிருந்த பெட்டிகள். ஆகவே மகன் விடுதியிலிருந்து கோப்பை எடுக்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து பெட்டிக்கு நேரே நுழையும் வழியை, திறந்து விடாதீர்கள். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி முகவரி தனியாகக் கிடைப்பதில்லை என்பதால் அந்த வழி பெரும்பாலும் வேலையும் செய்யாது. டெயில்ஸ்கேல் போன்ற தனிவலைச் செயலியைப் பெட்டியிலும் அவனுடைய உபுண்டுவிலும் போட்டால் இரண்டும் தமக்குள் பாதுகாப்பாக இணைந்துகொள்ளும்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். பெட்டியில் ஜிகாபிட் துளை இருக்கும். உங்கள் ரவுட்டரில் உள்ள லேன் துளை 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 11 மெகாபைட் அளவுதான் போகும். 500 ஜிகாபைட் படங்களை மாற்ற அதில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும், ஜிகாபிட்டில் ஒன்றேகால் மணி நேரம்தான். முதல் முறை மாற்றும்போது கணினியையும் கேபிளால் இணையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இரண்டு டிஸ்க் பெட்டி 15 முதல் 20 வாட் இழுக்கும். இரண்டு மாதக் கணக்கில் 30 யூனிட்டுக்குள். அஞ்ச வேண்டியது மின்தடைக்குத்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் மாலைவரை வராத நாள்களும், கோடைமழை இடியில் சட்டென்று போய் வருகிற நேரங்களும் நமக்குப் புதிதல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை சேதமடையலாம். வெறும் இன்வெர்ட்டர் போதாது. அது எப்போது தீரப்போகிறது என்று பெட்டிக்குத் தெரியாது. யுஎஸ்பி கம்பியால் பெட்டியோடு பேசும் சிறு யுபிஎஸ் இருந்தால், பேட்டரி குறையும்போது பெட்டி தானே ஒழுங்காக நின்றுவிடும். தறியோ தையல் யூனிட்டோ வீட்டோடு ஒட்டியிருந்தால் பெட்டியை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். மின்விசிறியின் இறக்கைகளில் பஞ்சு கம்பளம் போலப் படிந்து, சூடேறித் தானே அணைந்துபோன பெட்டிகளைத் திருப்பூரில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பெயின்ட் பிரஷ் கொண்டு துடைத்தாலே சரியாகிவிடும்.

கணக்கு மென்பொருளின் தரவை மட்டும் பெட்டியில் வைத்து வைஃபை வழியாக நேரடியாக வேலை செய்ய வேண்டாம். எழுதும் நடுவில் இணைப்பு ஒரு நொடி விட்டாலும் அந்தத் தரவு கெடக்கூடும். அது விண்டோஸ் கணினியிலேயே இருக்கட்டும், இரவில் அதன் படி மட்டும் பெட்டிக்கு வரட்டும்.

வாங்கியபின், உண்மையான கோப்புகளை ஏற்றுவதற்கு முன்னால், கடையில் மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். நீளமான தமிழ்ப் பெயருள்ள கோப்பு ஒன்றை மூன்று கணினிகளிலிருந்தும் எழுதி, மற்ற இரண்டிலும் திறந்து, திருத்தி, பெயர் மாற்றிப் பாருங்கள். பிறகு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்கை உருவுங்கள். ஆனால் மூடியைத் திருகு கழற்றித் திறக்க வேண்டிய மாடல்களில் அணைத்துவிட்டே கழற்ற வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை ஒலி கேட்கிறதா, கைபேசிக்கு அறிவிப்பு வருகிறதா, கோப்புகள் தொடர்ந்து திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு டிஸ்கைத் திரும்பச் செருகி, மீட்டுக் கட்டும் பணியைத் தொடங்குங்கள். அது முடிய எத்தனை மணி நேரமானது என்பதைக் குறித்துவைத்தால், பின்னாளில் டிஸ்க் உண்மையாகவே போகும்போது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருக்கும்.